பாம்பனுக்கு வடக்கும் தெற்கும்: சிறு உல்லாசப் படகுக்கு எந்த நங்கூரம்?

இராமநாதபுரம் கரையில் சொந்தமாக ஒரு சிறு படகு வைத்திருப்பவருக்கு இரண்டு கடல்கள் உண்டு. தொண்டியிலிருந்து முள்ளிமுனை, தேவிபட்டினம், அரியமான், மண்டபத்தின் வடகரை வழியாக இராமேசுவரம் வரை விரிந்திருப்பது பாக் விரிகுடா. பாம்பன் கால்வாய்க்குத் தெற்கே இறங்கி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என நீள்வது மன்னார் வளைகுடா. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்க, வடக்குக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். ஆகவே ஆண்டு முழுவதும் கடலுக்குப் போக விரும்புகிறவர் பருவத்துக்கு ஒரு பக்கமாகப் படகை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியவராகிறார். அப்படி மாற்றும்போது நீருக்கு அடியிலுள்ள தரையும் மாறிவிடுகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வடக்கே ஆழம் குறைவு. சேறும், சேறு கலந்த மணலும், கடற்புல்லும் மிகுதி. தெற்கே மணல், சிப்பி ஓடுகள், உடைந்த பவளக் கற்கள், அவற்றுக்கிடையே பார் எனப்படும் பவளப்பாறைத் திட்டு. ஒரு தரையில் உடும்பாகப் பிடித்த நங்கூரம் இன்னொரு தரையில் உழுதுகொண்டே போகும்.

5 மீட்டர் முதல் 8 மீட்டர் வரை நீளமுள்ள, அவுட்போர்டு இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகில், குடும்பத்தோடு உலாப் போகவும் தூண்டில் போடவும் செல்கிறவர்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். தொழிலுக்குச் செல்லும் நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் வேறு கணக்குகள் உண்டு. எனது படகு ஆறரை மீட்டர் நீளம் கொண்டது. அதை வாங்கியபோது கூடவே வந்தது, குடைபோல மடக்கி வைக்கக்கூடிய, நான்கு விரல்களுள்ள, மூன்றரைக் கிலோ நங்கூரம். ஓர் ஆகஸ்டு மாத மாலையில் அரியமானுக்கு அப்பால், இரண்டு மீட்டர் ஆழத்தில் அதைப் போட்டுவிட்டு, மைத்துனரும் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நானும் கரையைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது கச்சான் எங்களைக் கரையிலிருந்து வெகுதூரம் வடக்கே தள்ளியிருந்தது. படகு நண்டு வலைகளின் மிதவைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. வலைக்காரர் வத்தையில் வந்து, எங்கள் கயிற்றைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நங்கூரத்தை மட்டும் குத்தம் சொல்லாதீங்க தம்பி. ஒரு பாகத் தண்ணிக்கு மூணு பாகக் கயிறு விட்டா, அது எப்படிங்க பிடிக்கும்?”

அவர் சொன்ன இடத்திலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்குவது முறை என்று கருதுகிறேன். நங்கூரம் தன் எடையால் படகை நிறுத்துவதாகவே பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான வகைகள், கிடையாக இழுக்கப்படும்போது தரைக்குள் புதைவதால்தான் பிடிக்கின்றன. இழுப்பு மேல்நோக்கித் திரும்பத் திரும்ப அந்தப் பிடி தளர்கிறது. எனவே கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் முதல் கேள்வி. சங்கிலித் துண்டு கட்டிய கயிற்றுக்கு 7 மடங்கு என்பது உலகெங்கும் வழக்கிலுள்ள கணக்கு. அமைதியான பகலில், ஆள் விழித்திருக்கும்போது 5 மடங்கு போதும். கயிறு நேராக விறைத்து நிற்கும்போது, 7 மடங்கில் அது தரையோடு ஏறத்தாழ 8 பாகைக் கோணம் அமைக்கும். 5 மடங்கில் அது பதினொன்றரைப் பாகையாகவும், 3 மடங்கில் பத்தொன்பதரைப் பாகையாகவும் உயரும்.

இதில் பாக் விரிகுடாவுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மடங்கைக் கணக்கிட வேண்டியது நீரின் ஆழத்திலிருந்து அன்று, கடல்தரையிலிருந்து, கயிறு கட்டப்பட்டிருக்கும் அணியம், அதாவது படகின் முன்முனை, வரையுள்ள உயரத்திலிருந்து. பத்து மீட்டர் ஆழத்தில் அணியத்தின் 80 சென்டிமீட்டரை மறந்தால் பிழை சிறிது. இரண்டு மீட்டர் ஆழத்தில் அதே 80 சென்டிமீட்டரை மறப்பது கணக்கையே கெடுத்துவிடும். நான் அன்று விட்டிருந்தது ஆறு மீட்டர்க் கயிறு. மூன்று மடங்கு விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது 2.8 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். கோணம் ஏறத்தாழ 28 பாகை. அங்கே விட்டிருக்க வேண்டியது 20 மீட்டர். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அதற்கென்று பெரிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு ஆழம் குறைந்த நீரில் அரை மீட்டர் ஏறினாலும் அதற்கு மூன்று மீட்டருக்கு மேல் கயிறு கூட்ட வேண்டியிருக்கும். ஆழம் குறைந்தால் கயிறும் குறையலாம் என்று தோன்றுவது இயல்பே. மடங்கைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது: சங்கிலி தொய்ந்து கிடந்து இழுப்பைத் தாழ்த்துவதற்கு ஆழமற்ற நீரில் இடமே இல்லாததால், அங்கே மடங்கு கூடுதலாகத்தான் வேண்டும்.

கயிற்றின் பொருளும் இதோடு சேர்ந்தது. நம் கடைத்தெருவில் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது பாலிபுரோப்பிலீன் கயிறு. அது நீரில் மிதக்கும். வெயிலில் கிடந்தால் விரைவில் நார் நாராக உதிரும். மிதக்கும் கயிறு படகுக்கு முன்னால் நீர்மட்டத்தில் வளைந்து கிடந்து, நம்முடைய இயந்திரத்தின் விசிறியிலோ பக்கத்தில் கடக்கும் படகின் விசிறியிலோ சிக்கும். நைலான் கயிறு நீரில் மூழ்கும். அலை தூக்கும்போது நீண்டு கொடுத்து, அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு 50 மீட்டரும், 8 மில்லிமீட்டர் சங்கிலி குறைந்தது படகின் நீளத்துக்கும் இருந்தால், இந்த அளவுப் படகுகளுக்கு இரண்டு கடல்களிலும் போதுமானது. அந்தச் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. எட்டு மீட்டருக்குப் பதினொரு கிலோ. பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், விலை உயர்ந்த நங்கூரத்தைச் சங்கிலியில்லாமல் வாங்குவதைவிட, எளிய நங்கூரத்தோடு நல்ல சங்கிலியும் நைலான் கயிறும் வாங்குவதே சரி என்பது என் உறுதியான முடிவு. சங்கிலி இழுப்பைத் தரையோடு தாழ்த்துவதோடு, கீழக்கரைப் பக்கத்துச் சிப்பியும் கல்லும் கயிற்றை அறுக்காமலும் காக்கிறது.

நங்கூர வகைகளுக்கு வருமுன் ஓர் அளவுகோலை நீக்கிவிட வேண்டும். எல்லா ஒப்பீடுகளிலும் சேறு, மணல், புல், பாறை என்று நான்கு தரைகளைச் சொல்லி ஒவ்வொன்றிலும் எது எப்படிப் பிடிக்கும் என்று பார்ப்பார்கள். நம் கரையில் பாறைத்தரை என்றால் அது பெரும்பாலும் பவளப்பார். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. குருசடை, மனோலி, முயல் தீவு, வாலை, அப்பா, நல்லதண்ணி போன்ற தீவுகளை அனுமதியின்றி நெருங்குவதே குற்றம். வடக்கே மண்டபத்திலிருந்து இராமேசுவரம் நோக்கிக் கரைக்கு இணையாக ஓடும் பாரும் உயிருள்ளதுதான். நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த பவளத்தை ஒரு நங்கூரமும் அதன் பின்னால் அரைவட்டமாக அரையும் சங்கிலியும் ஒரு பிற்பகலில் நொறுக்கிவிடும். ஆகவே பாரில் நன்றாகப் பிடிக்கும் என்பது இங்கே எந்த நங்கூரத்துக்கும் தகுதியாக இருக்கலாகாது. உலாப் போகிறவர்கள் பாரில் நங்கூரம் போடவே கூடாது என்பதால், அந்தக் கட்டத்தை அட்டவணையிலிருந்து அடித்துவிடலாம்.

கடற்புல்லையும் நான் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறேன். ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசு மேய்வது அந்தப் புல்வெளிகளில்தான். இதற்காகவே பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. புல்லின் வேர்ப்பாயில் பெரும்பாலான நங்கூரங்கள் புதைவதில்லை. ஒரு கொத்துப் புல்லை அள்ளிக்கொண்டு வழுக்குகின்றன. பிடிக்காத தரையில் போட்டு, புல்லையும் பிடுங்குவதில் யாருக்கும் பயனில்லை. தெளிந்த நீரில் புல் கரும்பச்சையாகவும் மணல்திட்டு வெளிறியும் தெரியும். வெளிறிய திட்டைத் தேடிப் போடுவது பிடிப்புக்கும் நல்லது, புல்லுக்கும் நல்லது.

இவ்விரண்டையும் விலக்கிய பிறகு எஞ்சுவது சேறும் மணலும்தான். அந்த வெளிச்சத்தில் வகைகளைப் பார்த்தால் நம் கரையின் பழக்கமான தேர்வு முதலில் விழுந்துவிடுகிறது. வளைத்த இரும்புக் கம்பிகளை ஒரு குழாயில் பற்றவைத்துப் பட்டறைகளில் செய்து தரும் நான்கு விரல் நங்கூரத்துக்கு மீனவர்களிடம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அது மலிவு, கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் பலமாக இழுத்ததும் கம்பி நிமிர்ந்து விடுபடும், பிறகு சுத்தியலால் வளைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிறப்பெல்லாம் பாருக்கு உரியது. சேற்றில் அதன் மெல்லிய விரல்கள் கஞ்சிக்குள் விட்ட கைவிரல்களைப் போல வழுக்கி வெளியே வருகின்றன. மணலில் கோடு கிழிக்கின்றன. புதைந்து எதிர்ப்பதற்கு அதில் அகன்ற பரப்பே இல்லை. மடக்கக்கூடிய கடைச்சரக்கும் இதே குடும்பம்தான். பிரப்பன்வலசையிலோ காரங்காட்டு அலையாத்திக் கால்வாயிலோ துடுப்புப் படகைச் சற்று நேரம் நிறுத்துவதற்கு ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். குடும்பம் ஏறிய இயந்திரப் படகை அதன் பொறுப்பில் விடக் கூடாது.

கல் நங்கூரத்தைப் பற்றியும் இரண்டு வரி. எடையை நம்பும் நங்கூரம் நீருக்குள் எடையை இழக்கிறது. கருங்கல் கடல்நீரில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், கான்கிரீட்டு ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலும் இழக்கும்; இரும்பு இழப்பதோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. நூறு கிலோ கான்கிரீட்டுக் கட்டி கடலடியில் 57 கிலோதான். கரையோரம் நிரந்தரமாகப் படகைக் கட்டிவைக்க, சேற்றில் புதைந்துகொள்ளும்படி பெரிய கட்டியாக வார்த்துப் போட்டால் பயன்படும். படகில் ஏற்றிச் செல்வதற்குரியதன்று. படங்களிலும் சின்னங்களிலும் காணும் குறுக்குத்தண்டுள்ள பழைய கப்பல் நங்கூரமும் பாறைக்கும் புல்லுக்கும் பெயர்பெற்றது. அந்த இரண்டையும் நாம் விலக்கிவிட்டதால் அதற்கும் இங்கே வேலையில்லை.

டான்ஃபோர்த் நங்கூரத்தை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பாக் விரிகுடாவுக்கு உண்மையான போட்டியாளர் இதுதான். அமெரிக்கரான ரிச்சர்டு டான்ஃபோர்த் 1940-ஐ ஒட்டிய காலத்தில் வடிவமைத்தது. இரண்டாம் உலகப் போரில் கரையேறும் படகுகளுக்குப் பெருமளவில் பயன்பட்டது. இரண்டு அகன்ற தட்டை அலகுகள் தண்டோடு கீலில் அசையும். எப்படி விழுந்தாலும் இரு அலகுகளும் சேர்ந்தே தரையைக் குத்தும். அகன்ற பரப்போடு புதைவதால், தன் எடைக்கு மிகுந்த பிடியைத் தரும். ஆறு கிலோ டான்ஃபோர்த், நல்ல மணலில், தன்னைவிட இருமடங்கு எடையுள்ள நான்கு விரல் நங்கூரத்தைவிட மேலாக நிற்கும். படகில் தட்டையாகக் கிடப்பதால் இடமும் அடைக்காது. அலுமினியத்தால் ஆன ஃபோர்ட்ரெஸ் வகையில் அலகின் கோணத்தை 32 பாகையிலிருந்து 45 பாகைக்கு மாற்றும் வசதி உண்டு; 45 பாகை மென்சேற்றுக்காகவே வைத்தது. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையிலுள்ள குழைந்த சேற்றில், இந்தக் குடும்பத்துக்கு இணையாக எடைக்கு எடை பிடிப்பது வேறில்லை.

அதன் குறைகள் இரண்டு, இரண்டுமே நம் கரையில் வெளிப்படக்கூடியவை. முதலாவது, கீலுக்குள் ஒரு சிப்பியோ கல்லோ மாட்டிக்கொண்டால் அலகுகள் எதிர்ப்பக்கம் திரும்பாமல் விறைத்து நிற்கும். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் வெளியே சிப்பி ஓடுகள் மண்டிய தரையில் இது எனக்கு இருமுறை நேர்ந்திருக்கிறது. இரண்டாவது அதைவிடக் கடுமையானது. மாசி, பங்குனி மாதங்களில் பருவக்காற்று ஓய்ந்திருக்கும்போது விடியலில் கரைக்காற்றும் பிற்பகலில் கடற்காற்றும் மாறி மாறி வீசும். படகு அரைவட்டம் சுற்றி எதிர்த்திசையில் இழுக்கும். அப்போது புதைந்திருந்த டான்ஃபோர்த் பிடுங்கிக்கொண்டால், மீண்டும் தானாகப் புதையாமல் தரையின்மேல் சறுக்கிக்கொண்டே போகலாம். இலேசான அலுமினிய வகை, படகு வேகமாக இழுபடும்போது தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் பறக்கும். சில மணி நேரம் ஒரே காற்றில், கண்விழிப்போடு நிற்கும் பகல் உலாவுக்கு இந்தக் குறை பெரிதன்று. தூண்டில் போட்டபடி இரவு முழுதும் கிடப்பவருக்குப் பெரிது.

கலப்பை வடிவ நங்கூரத்தை 1933-இல் வடிவமைத்தவர் பாய்ம இயக்கவியலில் பெரும்புகழ் பெற்ற பிரிட்டானிய அறிவியலாளர் ஜி. ஐ. டெய்லர் என்பதை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சி.க்யூ.ஆர். எனப்படும் அவருடைய வகையும் பின்னால் வந்த டெல்டாவும் திசை மாறும்போது தரையைவிட்டு எழாமல் கூடவே திரும்பக்கூடியவை; மணலில் நம்பகமானவை. ஆனால் மென்சேற்றில் உழும். பெயருக்கேற்ற வேலையைச் செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பீட்டர் புரூஸ் 1970-களில் உருவாக்கிய மூன்று நகமுள்ள வகை விரைவில் பிடித்துக்கொள்ளும், திரும்பத் திரும்பப் பிடிக்கும்; எடைக்கு ஏற்ற பிடி குறைவு என்பதால் கனமாக வாங்க வேண்டியிருக்கும். கையால் நங்கூரம் இழுக்கும் சிறு படகில் அந்தக் கூடுதல் கனம் முதுகில்தான் இறங்கும். இவ்விரண்டும் ஏற்கெனவே கையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தேடி வாங்கும்படி சொல்ல மாட்டேன்.

அகப்பை அலகு என்று நான் சொல்லும் புதிய தலைமுறை வகைதான் ஒப்பீட்டின் மறுமுனை. பிரான்சின் ஸ்பேட் 1990-களிலும், நியூசிலாந்தின் பீட்டர் சுமித் வடிவமைத்த ராக்னா 2004-ஐ ஒட்டியும் சந்தைக்கு வந்தன. மான்டஸ் முதலிய பலவும் தொடர்ந்தன. அலகு மேல்நோக்கிக் குழிந்திருக்கும். முனை கூர்மையாகவும் கனமாகவும் இருக்கும். சிலவற்றில் அலகின் பின்னால் ஒரு வளைகுழாய் இருக்கும். நங்கூரம் தலைகீழாக விழுந்தாலும் அந்த வளைவு அதைப் புரட்டி, முனையைத் தரையில் குத்தவைக்கும். இழுக்க இழுக்கக் குழிந்த அலகு மண்ணை அள்ளிக்கொண்டு ஆழமாக இறங்கும். காற்று திசை மாறினால் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே திரும்பும், எழுந்தாலும் தன் நீளத்துக்குச் சற்று மேலான தூரத்தில் மறுபடி புதையும். அசையும் கீல் இல்லாததால் சிப்பி மாட்ட இடமில்லை. மணலில் மிகச் சிறப்பு. சேற்றில் அகன்ற அலகு டான்ஃபோர்த்துக்குப் பின்தங்கினாலும் கலப்பையைவிட நல்லது. குறை என்றால், விலை மற்றவற்றைப் போலப் பல மடங்கு. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதரிது, வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டும். வளைகுழாய் உள்ளதை அணியத்தில் ஒடுக்கி வைப்பது கடினம். அள்ளிய சேற்றைக் கழுவிக் களைய ஒரு வாளி நீர் வேண்டும்.

விலையைப் பார்த்துவிட்டு, படத்தைக் காட்டி உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று எண்ணுகிறவர்களை அறிவேன். நானும் ஒன்று செய்யச் சொன்னேன். டான்ஃபோர்த்தைப் பொறுத்தவரை அது ஓரளவு சரிப்படும். அலகின் கோணம் முப்பத்திரண்டு பாகையை மிஞ்சாமலும், கீல் தாராளமாக அசையும்படியும், தண்டு தடித்த தகட்டிலும் இருந்தால் போதும். அகப்பை வகையின் இரகசியம் முனையின் எடைப்பங்கிலும் தண்டின் வளைவிலும் இருக்கிறது. பார்வைக்கு அப்படியே இருந்த என் நங்கூரம் மணலில் பக்கவாட்டாகப் படுத்துக்கொண்டு இழுபட்டது. இப்போது அது தோட்டத்தில் கிடக்கிறது. எந்த வகையாயினும் சூடான துத்தநாக முலாம் பூசிய இரும்பையே வாங்க வேண்டும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பகுதிகள், காற்றுப் புகாத சேற்றுக்குள் நெடுநேரம் கிடந்தால், வெளியே தெரியாமல் குழிக்குழியாக அரிக்கப்படக்கூடியவை.

அப்படியானால் முடிவு என்ன? பாக் விரிகுடாவைத் தாண்டாமல், பகலில் மட்டும் சென்று திரும்புகிறவர் ஐந்து, ஆறு கிலோ டான்ஃபோர்த்தையும் சங்கிலியையும் வாங்கினால் போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண். பருவத்துக்கேற்ப இரண்டு கடலிலும் செல்கிறவரும் இரவு தங்குகிறவரும் அகப்பை வகையையே முதன்மை நங்கூரமாகக் கொள்ள வேண்டும்: ஆறு மீட்டர்ப் படகுக்கு ஆறு கிலோ அளவிலும், எட்டு மீட்டருக்குப் பத்துக் கிலோ அளவிலும். இரண்டாவதாக ஒரு டான்ஃபோர்த்தை, தனிக் கயிற்றோடு, மென்சேற்றுக்காகவும் முதலாவது தொலைந்தால் கைகொடுப்பதற்காகவும் வைத்துக்கொள்ளலாம். இந்த இரட்டை ஏற்பாட்டையே நான் நான்கு ஆண்டுகளாகப் பின்பற்றுகிறேன். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருபடியாகக் கூடுகிறது. மணிக்குப் பத்துக் கடல்மைல் வேகக் காற்றில் நின்ற படகை இருபது கடல்மைல் காற்று நான்கு மடங்கும், முப்பது கடல்மைல் காற்று ஒன்பது மடங்கும் தள்ளும். நங்கூரம் செய்வோர் தரும் அளவு அட்டவணையில் இரண்டு அளவுகளுக்கு நடுவே நம் படகு வந்தால் பெரியதையே எடுப்பதற்கு அந்த ஒரு கணக்குப் போதும்.

போடும் முறை தவறினால் எந்த வகையும் உதவாது. இடத்தைத் தேர்ந்ததும் முதலில் மிதவைகளைப் பார்க்க வேண்டும். நண்டு வலையும் தங்கல் வலையும் போட்டவருடைய பிழைப்பு அந்த இரண்டு மிதவைகளுக்கு நடுவே இருக்கிறது. பிறகு காற்றை நோக்கி, நீவாடு எனப்படும் கடல் நீரோட்டம் வலுத்திருந்தால் நீவாட்டை நோக்கி, மெதுவாக முன்சென்று படகை முற்றிலும் நிறுத்த வேண்டும். நங்கூரத்தைத் தூக்கி எறியாமல் கையால் இறக்க வேண்டும். எறிந்தால் சங்கிலி அலகின்மேலேயே குவிந்து சுற்றிக்கொள்ளும். அது தரையைத் தொட்டதும் படகைத் தானாகப் பின்னுக்குப் போகவிட்டு, கயிற்றை நீளவாட்டில் விட்டுக்கொண்டே வந்து, மூன்று மடங்கு ஆனதும் ஒருமுறை இலேசாகப் பிடித்து, முனை குத்தியதைக் கையால் உணர்ந்து, மீதியையும் விட்டுக் கட்டிய பின், இயந்திரத்தைப் பின்னோக்கிக் குறைந்த வேகத்தில் அரை நிமிடம் ஓட்ட வேண்டும். மென்சேற்றில் மட்டும் அவசரம் ஆகாது: போட்டுவிட்டுப் பத்து நிமிடம் அது தன் எடையில் அமரும்படி காத்திருந்து, பிறகு இழுத்தால் பிடி கூடுகிறது. கயிற்றில் கை வைத்தால், பிடித்த நங்கூரத்தில் இழுப்பு சீராக இருக்கும். உழும் நங்கூரம் கடகடவென்று அதிரும்.

கட்டுவது அணியத்தில் மட்டுமே. பின்புறத்தில் இயந்திரத்தின் கனமும் தாழ்ந்த விளிம்பும் இருப்பதால், அங்கே கட்டிய படகு ஓர் அலை வந்ததும் மூக்கைக் காட்டாமல் முதுகைக் காட்டி, தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். தூண்டிலுக்கு வசதி என்று இதைச் செய்கிறவர்களை மண்டபத்துக் கரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. பாம்பன் கால்வாயை ஒட்டி நங்கூரமிடவே வேண்டாம். அங்கே நீவாடு வலுத்தது, படகுகள் கடக்கும் பாதையும் அதுவே. நீவாடு ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் தள்ளினால் படகு தன் கயிற்றின்மேலேயே ஏறி, விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

நின்றதும் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்: முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு கோபுரமோ கலங்கரை விளக்கமோ. பக்கவாட்டில் இன்னொரு சோடி. கோடு கலைந்தால் படகு நகர்கிறது. கைப்பேசியில் நங்கூர எச்சரிக்கைச் செயலிகள் உண்டு. நல்லவைதான், ஆனால் பனை மின்கலம் தீர்ந்து அணைவதில்லை. ஏழு மீட்டருக்குக் குறைந்த படகுகள், படகுப் பாதைக்கும் நங்கூரத் துறைக்கும் அப்பால் நின்றால் இரவில் விளக்கேற்ற வேண்டிய கட்டாயம் சர்வதேச விதிகளில் இல்லை. விசைப்படகுகள் விடியுமுன் கிளம்பும் நம் கடலில் அந்த விலக்கை யாரும் பயன்படுத்த வேண்டாம். எல்லாத் திசைக்கும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு எரியட்டும்.

எடுக்கும்போது கயிற்றை இழுத்து நங்கூரத்தைப் பிடுங்க முயல்வதைவிட, படகை அதன் நேர்மேலே கொண்டுபோய், கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, அடுத்த இரண்டு மூன்று அலைகள் தூக்கும்வரை பொறுத்திருந்தால் அது தானே விடுபடும். கல் இருக்கும் தரையில், அலகின் பின்முனையில் ஒரு மெல்லிய கயிறும் சிறு மிதவையும் முன்னதாகவே கட்டிப் போட்டிருந்தால், மாட்டிய நங்கூரத்தைப் பின்பக்கமாக உருவிவிடலாம். மேலே வந்ததும், நங்கூரத்தைச் சங்கிலியோடு இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் திருகாணியையும் அதைப் பூட்டிய கம்பியையும் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு அலகில் ஒட்டி வந்ததைப் பார்க்கிறேன்: கறுத்த சேறா, சாம்பல் களியா, சிப்பி மணலா, புல்வேரா என்று. கழுவுவதற்குமுன் இடத்தையும் ஆழத்தையும் சேர்த்து அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன். புல்வேர் வந்த இடங்களுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு குறி இருக்கிறது; அங்கே மறுமுறை நங்கூரம் இறக்குவதில்லை.